எறியப்பட்ட அப்பம்

சில கேள்விகளுக்கு விடை கூறுமுன் குருவானவர் சற்று நேரம் வாய்மூடி இருப்பது நல்லது. இந்தப் பாடத்தை நான் குருத்துவக் கல்லூரியில் கற்கவில்லை. ஒரு மளிகைக்கடை வாசலில் கற்றேன்.

நான் முன்பு பணியாற்றிய பங்கு ஒன்றில், கடைத்தெருவில் மளிகை வாணிகம் செய்துவந்த முதியவர் ஒருவர் இருந்தார். எச்சிற்கையால் காக்கை ஓட்டாதவர் என்று ஊரார் அவரைப் பற்றிச் சொல்வார்கள். ஞாயிறு திருப்பலிக்கு ஒருநாளும் தவறமாட்டார். ஆனால் காணிக்கைத் தட்டு தம் வரிசைக்கு வரும்பொழுது மட்டும் கண்களை மூடி ஆழ்ந்த செபத்தில் இருப்பார். அவரிடமும் ஒரு வழக்கம் இருந்தது. எங்கள் பகுதிக் கடைவீதிகளில் வெள்ளிக்கிழமை என்பது இரவலர்களின் நாள். காலையிலிருந்தே ஒருவர் பின் ஒருவராகக் கடை கடையாக ஏறி இறங்குவார்கள். மற்றக் கடைக்காரர்களைப் போலவே இவரும் கல்லாப்பெட்டியின் ஓரத்தில் சில்லறையைக் குவித்து வைத்து, ஆளுக்கு ஒரு ரூபாய் போட்டு அனுப்புவார்.

தவக்காலத்தில் ஒரு வெள்ளி மாலை, சிலுவைப்பாதை முடிந்து மக்கள் கலைந்தபின் அவர் என்னிடம் வந்தார்.

"சாமி, ஒரு சந்தேகம். வெள்ளிக்கிழமை வருகிறவர்களுக்குக் காசு போடுகிறேன். இரக்கப்பட்டுப் போடவில்லை சாமி, பொய் சொல்லுவானேன்? வாசலை மறைத்துக்கொண்டு நிற்கிறார்களே, போய்த் தொலையட்டும் என்றுதான் போடுகிறேன். இது கடவுள் கணக்கில் சேருமா?"

நான் தயங்கவே இல்லை. தமக்குள்ளதையெல்லாம் வாரி வழங்கினாலும் அன்பில்லையெனில் பயனில்லை என்று பவுலடியார் கொரிந்து நகரத்தாருக்கு எழுதியதை எடுத்துச் சொன்னேன். முகமலர்ந்து கொடுப்பவரையே இறைவன் விரும்புகிறார் என்றேன். இறுதியாக, "மனமில்லாமல் போடுவது தர்மம் அல்ல, தொல்லை நீங்கக் கொடுக்கும் கூலி" என்று முடித்தேன். அந்த வாக்கியம் எனக்கே பிடித்திருந்தது. அடுத்த ஞாயிறு மறையுரையில் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் எண்ணினேன். பெரியவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

இரண்டு வாரம் சென்றது. ஞாயிறுதோறும் கோவில் வாசலில் அமர்ந்திருக்கும் மூதாட்டி ஒருவர் என்னை நிறுத்திக் கேட்டார்: "சாமி, மளிகைக்கடை ஐயாவுக்கு எங்கள் பேரில் என்ன கோபம்? ரெண்டு வெள்ளிக்கிழமையா ஒண்ணும் தராம விரட்டுறாரே!"

எனக்குச் சுருக்கென்றது. அவர் வணிகர். இந்தச் சரக்குக்கு விலை இல்லை என்று நான் சொன்னேன். அவர் கொள்முதலை நிறுத்திவிட்டார். நான் மேற்கோள் காட்டியதில் பிழை ஏதும் இல்லை. ஆயினும் என் இறையியல் அவருடைய இதயத்தைத் திறக்காமல், கொஞ்சமாகத் திறந்திருந்த கையையும் மூடிவிட்டது. பட்டினி கிடந்தவர்கள் நானோ அவரோ அல்லர்.

அன்று இரவு உறக்கம் வராமல் கிடந்தபொழுது, குருமாணவனாய் இருந்த நாளில் படித்த பழைய வரலாறு ஒன்று நினைவுக்கு வந்தது.

ஒரு கருமியின் கதை

7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலெக்சாந்திரியாவின் முதுபெரும் தந்தையாக விளங்கியவர் புனித யோவான். ஏழைகளுக்கு அவர் செய்த உதவிகளால் 'ஈகையாளர்' என்னும் அடைமொழி அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. சைப்பிரசுத் தீவில் பிறந்து, இல்லறத்தில் வாழ்ந்து, மனைவி மக்களை இழந்தபின் இப்பணிக்கு அழைக்கப்பட்டவர் அவர். பொறுப்பேற்றதும், நகரெங்கும் சென்று தம் எசமானர்கள் அனைவரின் பெயரையும் எழுதி வருமாறு அலுவலர்களைப் பணித்தார். எசமானர்கள் யாரென்று அவர்கள் வியந்து கேட்க, நீங்கள் ஏழைகள் என்றும் இரவலர்கள் என்றும் சொல்கிறவர்களையே நான் அப்படிச் சொல்கிறேன் என்றாராம். எழுதி முடித்தபொழுது 7,500 பேருக்கு மேல் இருந்தனர். அவர்கள் அனைவருக்கும் அன்றாட உதவிக்கு ஏற்பாடாயிற்று. 614இல் பாரசீகர் எருசலேமைக் கைப்பற்றியபொழுது, அடைக்கலம் தேடி வந்தவர்களையும் அவர் ஏற்றுத் தாங்கினார்.

அவருடைய வரலாற்றை அதே நூற்றாண்டில் சைப்பிரசின் நெயாப்போலிசு ஆயரான லெயோந்தியுசு கிரேக்கத்தில் எழுதினார். 9ஆம் நூற்றாண்டில் அது இலத்தீனுக்கு வந்தது. 13ஆம் நூற்றாண்டில் யாக்கோபு தெ வொராஜினே என்ற தொமினிக்கன் துறவி தொகுத்த புனிதர் வரலாற்று நூலின் வழியாக ஐரோப்பா முழுவதும் பரவியது. அந்த வரலாற்றில் யோவான் தம் மக்களுக்கு அடிக்கடி சொல்லிவந்த கதை ஒன்று உண்டு. அது வட ஆப்பிரிக்காவில் வாழ்ந்த பேதுரு என்னும் சுங்க அதிகாரியின் கதை.

குளிர்கால வெயிலில் அமர்ந்திருந்த இரவலர்கள் சிலர், ஊரிலுள்ள வீடுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கொடுக்கிற வீடுகளை வாழ்த்தினார்கள். கொடாத வீடுகளைத் தூற்றினார்கள். பேதுருவின் பெயர் வந்தது. அவர் வீட்டில் எப்போதேனும் எதையேனும் பெற்றவர் உண்டா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டனர். ஒருவர்கூட இல்லை. அப்பொழுது ஒருவன் எழுந்து, இன்று நான் அவரிடம் வாங்கிக் காட்டுகிறேன் என்று பந்தயம் கட்டினான்.

அவன் போய் வாசலில் நின்ற வேளையில், விருந்துக்கான அப்பங்களைச் சுமந்த விலங்கோடு பேதுரு வந்து சேர்ந்தார். இரவலனைக் கண்டதும் சினம் மூண்டது. எறிவதற்குக் கல்லைத் தேடினார், கிடைக்கவில்லை. சுமையிலிருந்த ஓர் அப்பத்தைப் பிடுங்கி அவன் முகத்தில் வீசினார். அவன் அதைப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய்த் தோழர்களிடம் காட்டினான்.

இரண்டு நாள் கழித்துப் பேதுரு கடும் நோயுற்றார். கனவொன்று கண்டார். அவருடைய வாழ்வு தராசில் வைக்கப்பட்டிருந்தது. தீய ஆவிகள் அவருடைய பாவங்களை ஒரு தட்டில் குவித்தன. மறுபக்கம் நின்ற வெண்ணாடை அணிந்தோரிடம் வைப்பதற்கு எதுவுமே இல்லை. தேடித் தேடிப் பார்த்த ஒருவர், இரண்டு நாளுக்கு முன் இவர் கிறிஸ்துவுக்குக் கொடுத்த ஓர் அப்பம் இருக்கிறது, அதையும் விருப்பமின்றியே கொடுத்தார் என்றார். அதைத் தட்டில் வைத்தார்கள். தராசு சமமாயிற்று. போய் இந்த அப்பத்தோடு இன்னும் சேர்த்துக்கொள், இல்லையேல் இவர்கள் உன்னைக் கொண்டுபோவார்கள் என்று எச்சரித்து அவரை அனுப்பினார்கள்.

அப்பம் செய்தது என்ன?

கடைக்காரர் கேட்ட கேள்வியே இங்கும் எழுகிறது. இந்த அப்பம் தர்மமா? கல் கிடைத்திருந்தால் அவன் முகத்தில் கல்லல்லவா விழுந்திருக்கும்? கொல்லும் சினத்தோடு வீசப்பட்ட ஒன்றை வானகம் ஈகையாகப் பதிவு செய்வது நீதியாகுமா?

புனித தோமா அக்குவினா தம் இறையியல் தொகுப்பில் தர்மத்தை ஆராயும்பொழுது ஒரு வேறுபாட்டைக் காட்டுகிறார். ஒரு நற்செயலின் புற உருவம் வேறு, அதற்கு உயிரூட்டும் உட்பொருள் வேறு. தேவையுள்ளவருக்குப் பொருளைக் கொடுப்பது என்னும் புறச்செயல் இறையன்பு இல்லாதவரிடமும் நிகழலாம். இறைவனுக்காக, மகிழ்ச்சியோடு, தயக்கமின்றிக் கொடுப்பது என்னும் முழுமையோ அன்பு இல்லாமல் நிகழாது. பேதுரு வீசிய அப்பத்தில் முதலாவது இருந்தது. இரண்டாவது அறவே இல்லை. நான் கடைக்காரரிடம் பேசியபொழுது இரண்டாவதை மட்டும் நினைத்தேன். முதலாவதை ஒன்றுமில்லாததாக்கிவிட்டேன்.

ஆனால் முதலாவது ஒன்றுமில்லாதது அன்று. பசித்தவனுக்கு அப்பம் கிடைத்தது. பேதுருவின் உள்ளம் தூய்மையடையும்வரை அவன் வயிறு காத்திருக்க முடியாது. தருமம் செய்பவரின் ஆன்மாவை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தால், பெறுகிறவரை நாம் மறந்துவிடுகிறோம். அவரை நம் புண்ணியத்துக்குரிய கருவியாக்கிவிடுகிறோம். அன்று என் விடையில் அந்த மூதாட்டிக்கு இடமே இல்லை என்பதை இப்பொழுது எண்ணிப் பார்க்கிறேன்.

இன்னொன்றையும் நாம் கவனிக்க வேண்டும். அந்த அப்பம் பேதுருவை மீட்கவில்லை. தராசு சமமாயிற்றே தவிர, நன்மையின் பக்கம் சாயவில்லை. அவருக்குக் கிடைத்தது மீட்பு அன்று, தவணை. இத்தனையும் போதும் என்று வானகம் சொல்லவில்லை. இதோடு சேர்த்துக்கொள் என்றுதான் சொன்னது. விருப்பமின்றிச் செய்த நன்மைக்கு உரிய இடத்தை இதைவிடத் துல்லியமாக வரையறுக்க எனக்குத் தெரியவில்லை. அது ஒரு தொடக்கம். அதில் நின்றுவிடுபவனுக்கு அது உதவாது.

இக்கதையில் மெல்லிய நகைப்பு ஒன்றும் உண்டு. கருமி எதையும் வீணாக்கமாட்டான், பருக்கையையும் எண்ணுவான். இங்கே பருக்கையை எண்ணுகிறவர் இறைவன். தாகத்தோடு வந்தவருக்கு அளித்த ஒரு குவளைத் தண்ணீரையும் மறவாதவர் என்று நற்செய்தி அவரைக் குறித்துச் சொல்கிறது. கருமி தனக்காகச் சேர்த்துவைக்கிறான். கடவுளோ நமக்கு எதிராக அன்று, நமக்காகத் தேடித் தேடிச் சேர்த்துவைக்கிறார்.

அச்சமும் கணக்கும்

விழித்தெழுந்த பேதுரு என்ன எண்ணினார்? சினத்தோடு எறிந்த ஓர் அப்பமே இவ்வளவு செய்யுமானால், மனமுவந்து கொடுப்பது எவ்வளவு செய்யும் என்று எண்ணினார். அன்றுமுதல் வாரி வழங்கத் தொடங்கினார்.

மனம் திரும்பிவிட்டது என்று நாம் மகிழலாம். சற்று உற்று நோக்கினால் தெரியும்: மனிதர் மாறினார், அவருடைய கணக்குப்புத்தகம் மாறவில்லை. முன்பு இவ்வுலகில் இலாபம் தேடினார்; இப்பொழுது மறுவுலகில் தேடுகிறார். ஏழை இன்னும் அவர் கண்ணில் படவில்லை, தராசுதான் படுகிறது.

இத்தகைய மனமாற்றத்தை இகழலாமா? நம் பழைய ஞானோபதேசத்தில் உத்தம மனஸ்தாபம், அற்ப மனஸ்தாபம் என்று இரண்டைப் படித்த பெரியவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். இறைவன்பால் கொண்ட அன்பினால் பாவத்தை வெறுப்பது முதலாவது. தண்டனைக்கு அஞ்சியோ பாவத்தின் அருவருப்பைக் கண்டோ மனம் வருந்துவது இரண்டாவது. 1551இல் திரெந்துப் பொதுச்சங்கம் இந்த இரண்டாவதையும் இறைவனின் கொடை என்றே ஏற்றது. அது நிறைவற்றது, எனினும் பொய்யானது அன்று. அருளை நோக்கி மனிதனை ஆயத்தப்படுத்துவது. அச்சத்தோடு வாசல்வரை வந்தவனைத் திருச்சபை உள்ளே அழைத்ததேயன்றி விரட்டவில்லை.

கருமித்தனம் முதுமையோடு வளரும், அதற்கு மருந்தில்லை என்பது கிரேக்க மெய்யியலாளர் அரிஸ்தோத்திலின் கருத்து. ஊதாரி வறுமையினாலோ வயதினாலோ திருந்தக்கூடும். கருமி திருந்துவது அரிது என்றார் அவர். அதே அறிஞர் வேறோரிடத்தில், நீதியான செயல்களைச் செய்துசெய்தே மனிதன் நீதிமானாகிறான் என்றும் கற்பித்தார். இந்த இரண்டாவது கருத்தே பேதுருவின் கதையில் முதலாவதை வென்றுவிடுகிறது. கை பழகுகிறது, பழகிய கையின் பின்னால் இதயம் நொண்டிக்கொண்டு வருகிறது.

ஆயினும் நாம் நம்மையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். நம் ஈகை பெரும்பாலும் இந்த இரண்டாம் படியிலேயே நின்றுவிடவில்லையா? கோவிலுக்குக் குழல்விளக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, வெளிச்சம் மறையும்படி அதன்மேல் பெயரை எழுதிவைக்கிறோம். நேர்ச்சை நிறைவேறியதற்காக அன்னதானம் செய்கிறோம். சோறு உண்ண வந்தவரின் முகம் நமக்கு நினைவிருப்பதில்லை. இவையெல்லாம் வீண் என்று இப்பொழுது நான் சொல்லமாட்டேன். பட்ட அடி போதும். ஆனால் பயணம் இன்னும் முடியவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

விற்கப்பட்ட ஆடை

கப்பல் உடைந்து உடைமையெல்லாம் இழந்த மாலுமி ஒருவன் பேதுருவிடம் ஆடை கேட்டு வந்தான். அவர் தம் மேலாடையையே கழற்றிக் கொடுத்தார். அத்தனை உயர்ந்த ஆடையை உடுத்த அந்த ஏழை நாணினான். விற்றுத் தரும்படி கடையில் கொடுத்துவிட்டான். வழியே போன பேதுரு அது கடையில் தொங்குவதைக் கண்டார். வீட்டுக்குப் போய்க் கதவை அடைத்துக்கொண்டு, உணவு கொள்ளாமல் அழுதார். அந்த ஏழை தம்மை நினைவில் வைத்துக்கொள்ளும் தகுதிகூடத் தமக்கு இல்லாமற் போயிற்றே என்று வருந்தினார்.

இந்த இடத்தை வாசிக்கும்பொழுதெல்லாம் எனக்கு ஒரு போர்வை நினைவுக்கு வரும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி மாதத்தில், நடுங்கிக்கொண்டு பங்கு இல்லத்து வாசலில் நின்ற ஒருவனுக்கு, எனக்கு அன்பளிப்பாக வந்த புதிய போர்வை ஒன்றைக் கொடுத்தேன். மறுவாரம் சந்தையில், பழந்துணி வணிகரின் குவியலின் மேல் அது கிடந்தது. என் உள்ளம் கொதித்தது. அடுத்தமுறை அவன் வந்தபொழுது வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டேன். அவன் அதை ஏன் விற்றான் என்று நான் கேட்கவே இல்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது. அதன்பின் அவன் வரவில்லை.

கொடுத்தபின்னும் போர்வையை நான் கைவிடவில்லை என்பதே உண்மை. அவன் தோளில் அது கிடக்கவேண்டும், அதைக் காணும்பொழுதெல்லாம் என் இரக்கம் எனக்குத் தெரியவேண்டும் என்று விரும்பினேன். கருமியின் நோய் பணப்பெட்டியில் மட்டும் இருப்பதில்லை. கொடுத்த பொருளின்மேலும் உரிமை கொண்டாடுகிற நயமான கருமித்தனமும் உண்டு. துறவியரிடமும் குருக்களிடமும் அதுவே மிகுதி.

அழுதழுது உறங்கிப்போன பேதுரு மீண்டும் கனவு கண்டார். கதிரவனிலும் ஒளிமிக்க ஒருவர் அந்த ஆடையை அணிந்து நின்றார். அழுவதேன் என்று கேட்டார். நாங்கள் கொடுப்பதை அவர்கள் விற்றுவிடுகிறார்களே என்றார் பேதுரு. நீ கொடுத்த நாள்முதல் நான் இதை அணிந்திருக்கிறேன். குளிரில் வாடினேன், நீ என்னை உடுத்தினாய் என்று அவர் நன்றி சொன்னார்.

ஆடை கடையில் தொங்கியது. ஆடையைக் கிறிஸ்து அணிந்திருந்தார். இரண்டும் உண்மை. ஏழை அதை எப்படிப் பயன்படுத்தினான் என்பதைப் பொறுத்து அந்த ஈகையின் பேறு அமையவில்லை. அது அவனுடைய கைக்குப் போன கணத்திலேயே போய்ச்சேர வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது.

அப்படியானால் ஏமாற்றுக்காரர்களுக்கும் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கவேண்டுமா என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. தொடக்கத் திருச்சபையின் மிகப் பழைய நூல்களுள் ஒன்றாகிய 'திதாக்கே', யாருக்குக் கொடுக்கிறோம் என்று தெரியும்வரை காணிக்கை கையிலேயே வியர்த்துக் கிடக்கட்டும் என்னும் பொருளில் ஓர் அறிவுரையைத் தருகிறது. மறுபுறம், யோவானிடம் ஒருவன் உடையை மாற்றி மாற்றித் திரும்பத் திரும்ப வந்து தருமம் பெற்றபொழுது, அலுவலர் அதைச் சுட்டிக்காட்டியும் அவர் மறுக்கவில்லை. என்னைச் சோதிக்க வந்த கிறிஸ்துவாக இருந்தால் என்ன செய்வது என்று சொல்லி இருமடங்கு கொடுக்கச் செய்தார். திருச்சபை இவ்விரண்டையும் தன் கருவூலத்தில் வைத்திருக்கிறது. விசாரிப்பது நல்லது. ஆனால் எதற்காக விசாரிக்கிறோம் என்பதே கேள்வி. அவருக்கு உண்மையில் என்ன தேவை என்று அறிய விசாரித்தால் அது அன்பு. கொடாதிருக்க ஒரு காரணம் கிடைக்குமா என்று விசாரித்தால் அது பழைய கருமியே. நான் அந்தப் போர்வைக்காரனை விசாரிக்கவில்லை, தீர்ப்பிட்டேன்.

முப்பது காசு

இரண்டாம் கனவிலிருந்து விழித்த பேதுருவின் எண்ணம் முற்றிலும் வேறாக இருந்தது. கிறிஸ்துவே ஏழைகளில் ஒருவராக இருப்பாரானால், நானும் அவர்களுள் ஒருவனாகாமல் சாகமாட்டேன் என்று உறுதிகொண்டார். இப்பொழுது தராசு மறைந்துவிட்டது. எவ்வளவு சேர்க்கலாம் என்ற கேள்வியே போய்விட்டது.

தம் கணக்கெழுதும் அடிமைக்குப் பத்து இராத்தல் பொன் கொடுத்து, தம்மை எருசலேமுக்குக் கொண்டுபோய் ஒரு கிறிஸ்தவரிடம் விற்று, அந்த விலையை ஏழைகளுக்குக் கொடுக்குமாறு கட்டளையிட்டார். அவ்வாறே சொயிலுசு என்ற வெள்ளிவேலைக்காரருக்கு முப்பது பொற்காசுக்கு விற்கப்பட்டார். சமைத்தார், துணி துவைத்தார், உடனிருந்த அடிமைகளின் ஏச்சையும் அடியையும் தாங்கினார். மனம் சோர்ந்த ஒருநாள், அதே ஆடையில் ஆண்டவர் தோன்றி, கையிலிருந்த முப்பது காசைக் காட்டி, உன் விலை என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது என்று தேற்றினாராம். முப்பது காசு என்றதும் நம் நினைவு எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆண்டவரை விற்ற விலைக்கு இந்தப் பழைய கருமி தம்மை விற்றுக்கொண்டார்.

நாம் எல்லோரும் இவ்வாறு செய்யவேண்டும் என்று திருச்சபை கேட்கவில்லை. ஆனால் இதற்குள் இருக்கும் உண்மை நமக்கும் உரியது. மேலே நின்று கீழே போடுவதுதான் ஈகை என்ற எண்ணம் இங்கே உடைகிறது. ஏழைக்கு நீ கொடுப்பது உன்னுடையது அன்று, அவனுக்குரியதை அவனுக்கே திருப்பித் தருகிறாய் என்னும் கருத்தை 4ஆம் நூற்றாண்டிலேயே புனித அம்புரோசியார் முன்வைத்தார். திருத்தந்தை ஆறாம் பவுல் 1967இல் மக்களின் முன்னேற்றம் குறித்து எழுதிய சுற்றுமடலில் அதை நினைவூட்டினார். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும், மண்ணின் பொருள்கள் எல்லா மனிதருக்கும் உரியவை என்று கற்பித்தது. நீதியின்படி கொடுக்கவேண்டியதை அன்பின் கொடையாகக் காட்டிக் கொடுத்தல் தகாது என்று பொதுநிலையினரின் பணி பற்றிய ஏட்டில் எச்சரித்தது. கூலியைக் குறைத்துக் கொடுத்துவிட்டு, தீபாவளிக்கோ கிறிஸ்மசுக்கோ வேட்டி சேலை வழங்குகிறவர்கள் நெஞ்சில் கைவைத்து எண்ணிப் பார்க்கவேண்டிய சொல் இது.

பேதுரு சுங்க அதிகாரி என்பதையும் மறந்துவிடக் கூடாது. நற்செய்தியில் வரும் சக்கேயுவும் அத்தொழிலையே செய்தவர். அவர் பாதிச் சொத்தை ஏழைகளுக்குக் கொடுத்ததோடு நில்லாமல், ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் உறுதிகூறினார். ஈகை ஒன்று, ஈடுசெய்தல் ஒன்று. எங்கிருந்து வந்தது என்று கேளாத பணத்தில் செய்யும் தருமம் பாதித் தருமமே.

கதையின் முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. எருசலேமுக்குத் திருப்பயணமாக வந்த அவ்வூர்க்காரர் சிலர், விருந்து மேசையில் பரிமாறிக்கொண்டிருந்த அடிமையின் முகத்தைக் கண்டு, இவர் பேதுரு அல்லவா என்று தமக்குள் பேசிக்கொண்டனர். அது காதில் விழுந்ததும் அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு வாயிலுக்கு ஓடினார். வாயிற்காவலன் பிறவியிலேயே செவிடும் ஊமையுமானவன். ஆண்டவர் பெயரால் கதவைத் திற என்றார் பேதுரு. அவன் காது கேட்டது, வாய் பேசியது, கதவைத் திறந்தான். அவர் போய்விட்டார். பிறகு யாரும் அவரைக் காணவில்லை.

ஒரு வாசலில் இரவலன் நிற்கக் கதை தொடங்கியது. அப்பொழுது பேதுரு உள்ளே இருந்தவர். வேறொரு வாசலில் ஏழையாகப் பேதுருவே நிற்கக் கதை முடிகிறது. இடையில் பேசாதவன் பேசினான்.

மீண்டும் கடை வாசலில்

மறுநாளே நான் மளிகைக்கடைக்குப் போனேன். வாடிக்கையாளர் இல்லாத பிற்பகல் வேளை. அவருக்கு இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, "அன்று நான் சொன்னது பாதி, மீதியைச் சொல்லாமல் விட்டது என் தவறு" என்றேன்.

அவர் கேட்டார்: "அப்படியானால் அந்த ஒரு ரூபாய் கணக்கில் உண்டா, சாமி?"

"உண்டு. ஆனால் அதோடு சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள்."

"பவுலடியார் சொன்னது?"

"அதுவும் உண்மை. அவர் கொடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. அன்பைச் சேர்க்கச் சொன்னார்."

அவர் கடையை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "அன்பு இப்போதைக்கு இருப்பில் இல்லை சாமி" என்றார். இருவரும் சிரித்தோம். "பரவாயில்லை. போடாமல் கையில் கொடுங்கள். கொடுக்கும்பொழுது முகத்தைப் பாருங்கள். இப்போதைக்கு அவ்வளவு போதும்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை அவர் மீண்டும் கொடுக்கத் தொடங்கினார். முணுமுணுப்பு நிற்கவில்லை, ஒரு ரூபாய் இரண்டாகவும் இல்லை. அற்புதம் எதையும் நான் சொல்ல வரவில்லை. ஏறக்குறைய எட்டு மாதம் சென்றபின், ஒரு சனிக்கிழமை காலை அவர் பங்கு இல்லத்துக்கு வந்தார். கொடுத்த கடனை வாங்க வந்தவர்போல் முகம் கடுகடுவென்று இருந்தது.

"சாமி, கோவில் வாசலில் உட்காருமே ஒரு கிழவி, வெள்ளைச் சேலை, இடதுகண் பூ விழுந்தது, அது ரெண்டு வாரமாகக் கடைக்கு வரவில்லை. அதன் பேர் என்ன? வீடு எங்கே?"

நான் வாய் திறந்தேன், சொல் வரவில்லை. நான்கு ஆண்டுகளாக ஞாயிறுதோறும் அவர் கையில் காசு கொடுத்திருக்கிறேன். முகமலர்ச்சியோடுதான் கொடுத்தேன். அவர் பெயரை ஒருநாளும் கேட்டதில்லை. என் மேசைமேல் இருந்த பங்குப் பதிவேட்டில் 600 குடும்பங்களின் பெயர்கள் இருந்தன. அந்த எசமானியின் பெயர் இல்லை.

"தெரியாது" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரி, வாருங்கள் சாமி, விசாரிப்போம்" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு முன்னே நடந்தார். நான் அவர் பின்னே போனேன்.